நெருப்புமலை ராஜ்யத்தில் யாருக்கு என்ன பட்டம்?

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் பேசியது. கைப்பேசி ஒலிப்பதிவிலிருந்து எழுதி, அவரிடம் காட்டித் திருத்தி வெளியிடுகிறோம்.)

கோலப்போட்டி முடிவுக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள் கவலைப்பட வேண்டாம். செயலாளர் எனக்கு இருபது நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்தவனுக்கு இருபது நிமிடம் வருகைப்பதிவு எடுக்கவே போதாது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

அரையாண்டு விடுமுறையில் நம் மொட்டை மாடியில் ஒரு ராஜ்யம் உருவானது உங்களில் பலருக்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டி, மேலே 'நெருப்புமலை ராஜ்யம்' என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியிருந்தார்கள். மாடியில் நின்றால் எதிரே மலை. பெயருக்கு அவர்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கொடி உண்டு, கீதம் உண்டு, பக்கத்து ராஜ்யத்தோடு பகை உண்டு. பக்கத்து ராஜ்யம் என்றால் சி பிளாக்.

ஒருநாள் சாயங்காலம் என் பேரன் மூச்சிரைக்க ஓடிவந்து, "தாத்தா, நான் இப்போ பேரன்!" என்றான்.

"அது எனக்குப் பன்னிரண்டு வருஷமாத் தெரியும்டா" என்றேன்.

"அய்யோ, அந்தப் பேரன் இல்ல. பட்டம்! ராஜா, ட்யூக், மார்க்விஸ், கவுண்ட், அப்புறம் பேரன், அதுக்குக் கீழ நைட்."

ஏதோ கணினி விளையாட்டிலிருந்தும், டப்பிங் செய்த தொடர்களிலிருந்தும் பொறுக்கி எடுத்த வரிசை. போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். நான்காவது மாடிப் பிள்ளைகள் ட்யூக், மூன்றாவது மாடி மார்க்விஸ் என்று மாடிக்கணக்கில் பட்டம். நாங்கள் முதல் மாடி என்பதால் என் பேரனுக்குக் கிடைத்தது பேரன்தான். எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு கோடு போட்டு, 'சர்வன்ட்' என்று எழுதி, ஒரு பெண் பிள்ளையின் பெயர் இருந்தது.

அந்தப் பிள்ளை நம் கேட்டுக்குப் பக்கத்து அறையில் இருப்பவள். அவள் அப்பா நம் வாட்ச்மேன். பட்டமெல்லாம் கொடுத்து முடிந்த பிறகு விளையாட வந்திருக்கிறாள். "உனக்கு வேற ஒண்ணும் மிச்சமில்ல" என்று அதைக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியது என் பேரனின் கையெழுத்து, எனக்குத் தெரியாதா? அவள் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிப் போனவள் மூன்று நாள் மாடிக்கு வரவில்லை. அவள் அப்பாவிடம் நானே போய்க் கேட்டேன். "விளையாட்டுதானே சார், விடுங்க" என்றார். அந்த 'தானே'யைக் கேட்டுவிட்டு எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இதை இங்கே சொல்லலாமா என்று அப்பாவிடமும் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

பேரனைத் திட்டவில்லை. திட்டினால் என் எதிரில் மட்டும் ஒழுங்காக இருப்பான். "உங்க சார்ட்ல தப்பு இருக்கு. வரலாறு தப்பு. எல்லாரும் வாங்க, திருத்தணும்" என்றேன். தப்பு என்றதும் ட்யூக் முதல் நைட் வரை வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான், கொஞ்சம் கூட்டிக் குறைத்து, உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் எழுதிய வெளிநாட்டுப் பட்டங்களையே எடுத்துக்கொண்டோம். ட்யூக் என்பது லத்தீனில் 'டக்ஸ்'. படைக்கு முன்னால் நடப்பவன் என்று பொருள். மார்க்விஸ் எல்லைப்புறத்தைக் காவல் காப்பவன். கவுண்ட் என்ற சொல்லின் மூலம் 'கோமெஸ்', அதாவது கூடவே இருப்பவன். பேரன் என்றால் வெறுமனே 'ஆள்'. அவர் நம்ம ஆள் என்கிறோமே, அந்த ஆள். நைட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் பையன், ஏவலாள் என்றுதான் அர்த்தம். நைட் பட்டம் வைத்திருந்த எட்டாம் வகுப்புப் பையன் இதைக் கேட்டு முகத்தைத் தொங்கப்போட்டுவிட்டான். அவனைத் தேற்ற இன்னொன்று சொன்னேன். நம் தரைப்படையில் ஃபீல்ட் மார்ஷல் என்ற உச்சப் பட்டம் இதுவரை இரண்டு பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது, மானெக்‌ஷாவுக்கும் கரியப்பாவுக்கும். அந்த மார்ஷல் என்ற சொல் பழைய ஜெர்மானிய மொழியில் குதிரையைப் பராமரிக்கும் வேலைக்காரனைக் குறித்தது.

ஆக, அவர்கள் கோடு போட்டுக் கீழே தள்ளிய 'சர்வன்ட்'தான் கோட்டுக்கு மேலேயும் உட்கார்ந்திருக்கிறார், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு.

"அது இங்கிலாந்துல. நம்ம ஊர்ல?" என்று ட்யூக் கேட்டார். நியாயமான கேள்வி.

நம் பழைய தமிழ்ப் பட்டங்களில் மூன்றை முதலில் சொல்ல வேண்டும்: ஏனாதி, காவிதி, எட்டி. ஏனாதி படைத்தலைவனுக்கு, அதற்கு அடையாளமாக மோதிரம். எட்டி வணிகனுக்கு, அதற்குப் பொன்னாலான பூ. காவிதி உழுவித்து உண்ணும் வேளாளருக்கும் அமைச்சுத் தொழில் பார்த்தவர்களுக்கும். அறுபத்துமூவரில் ஏனாதிநாத நாயனாரைக் கும்பிட்டிருப்பீர்கள். சிலப்பதிகார மாதவி பெற்றாளே, ஆடலுக்கான தலைக்கோல், அதுவும் பட்டம்தான். பெண்ணுக்குக் கொடுத்த பட்டம். இதைச் சொன்னதும் மாடியில் இருந்த பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை ராஜ்யத்தில் பெண்களுக்கு 'பிரின்சஸ்' தவிர வேறொன்றும் யோசித்திருக்கவில்லை.

சோழர் காலத்துக்கு வந்தால் பட்டங்கள் பெருகிவிடுகின்றன. 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகத்தையும், 2022-லும் 2023-லும், இங்கே பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். கல்கி 1950-லிருந்து 1954 வரை தொடராக எழுதியதை வாரம்தோறும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த வீடுகளையும் எனக்குத் தெரியும். அந்தக் கதையில் நாம் பெயர் என்று நினைப்பதெல்லாம் பெரும்பாலும் பெயர் அல்ல. பழுவேட்டரையர் என்பதில் பழுவூர் ஊர். அரையர் என்பது பட்டம். பிரம்மராயர் பட்டம். வல்லவரையரில் இருப்பதும் அரையர்தான். வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அந்தச் சிறு குறிப்பை வைத்துக்கொண்டு கல்கி ஒரு மனிதரையே உண்டாக்கினார். குதிரை, வாய்த்துடுக்கு, பசி எல்லாம் கல்கி கொடுத்தவை.

சோழ அதிகாரி ஒருவரின் முழுப்பெயரைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். ராஜராஜன் காலத்தில் பெரிய கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்தவர். இன்றைய சொல்லில் நிர்வாக அதிகாரி. இந்தப் பெயரைப் பிரித்தால் ஒரு அடையாள அட்டையே இருக்கிறது. பொய்கைநாடு அவர் சார்ந்த நாடு. ஆதித்தன் அப்பா பெயர். நாம் இனிஷியல் போடுவது மாதிரி முன்னால் வருகிறது. சூரியன் அவருடைய சொந்தப் பெயர். 'ஆன' என்ற இரண்டெழுத்துக்குப் பிறகு வருவது அரசன் கொடுத்த பட்டம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அரசாங்கம் ஒருவரைக் குறிப்பிடும்போது ஊர், அப்பா, பெயர், பட்டம் என்று நான்கையும் விடாமல் எழுதியிருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் இன்னமும் 'ஹாய் திஸ் இஸ் மீ' என்று ஒருவர் புகார் போடுகிறார். எந்த வீடு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகிறது.

மூவேந்தவேளான் என்ற பட்டம் பெரும்பாலும் நிலமுடைய வேளாளக் குடியிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு. பிராமண அதிகாரிகளுக்குப் பிரம்மராயன், பிரம்மாதிராஜன். ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமனுக்கு மும்முடிச்சோழ பிரம்மராயன் என்று பட்டம். மும்முடிச்சோழன் என்பது ராஜராஜனின் இன்னொரு பெயர். அரசன் தன் பெயரையே அதிகாரிக்கு முன்னொட்டாகக் கொடுத்துவிடுவான். பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை அரசன் சொல்லக் கட்டுவித்தவர் இந்தச் சேனாபதிதான். அதிகாரிகளுக்குள் பெருந்தரம், சிறுதரம் என்று படிநிலையும் உண்டு. குரூப் ஒன், குரூப் டூ என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசன் வாய்மொழியை எழுதுபவர் திருமந்திர ஓலை. அவர்களுக்கு மேலே ஓலைநாயகம். வரிக்கணக்குப் பிரிவு புரவுவரித் திணைக்களம். அதில் வரிப்பொத்தகம், முகவெட்டி என்று தனித்தனி இருக்கைகள். 'வரிப்பொத்தகம்' என்றதும் நம் பொருளாளர் சிரிப்பது தெரிகிறது. மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியலுக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது.

கவுண்ட் என்றால் கூட இருப்பவன் என்று சொன்னேன் அல்லவா? அதே பொருளில் இங்கே அணுக்கன், அணுக்கி என்று இருக்கிறது. அரசனுக்கு அணுக்கமாக இருப்பவர். ராஜேந்திர சோழனின் அணுக்கி பரவை நங்கை என்று ஒரு பெண்மணி. திருவாரூரில் அரசனும் அவரும் சேர்ந்து நின்று வணங்கிய இடத்தில் ஒரு குத்துவிளக்கு வைத்ததைக் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த செய்தி. பெரிய கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரைத் தச்சருக்குக் கொடுத்தான் என்பது நமக்கு ஆச்சரியமில்லை. அவ்வளவு பெரிய விமானத்தை எழுப்பியவருக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? ஆனால் அதே கோயிலில் இராசராசப் பெருநாவிசன் என்றும் ஒருவர் உண்டு. நாவிசன் என்றால் நாவிதர். முடி திருத்துபவருக்கும் அரசன் தன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறான். சேனாபதிக்கும் அவருக்கும் வேலை வேறு, நிலம் வேறு, செல்வாக்கு வேறு, மறுக்கவில்லை. சோழர் காலத்தில் எல்லோரும் சமம் என்று நான் கதைவிட மாட்டேன். அடிமை விற்பனை ஓலைகளே கல்வெட்டில் இருக்கின்றன. ஆனால் 'உனக்குப் பெயர் ஒன்றும் மிச்சமில்லை' என்று அந்த நாவிதரை அனுப்பிவிடவில்லை.

பட்டம் பெற்றவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றியது. அதில் வரும் பெயர்கள்: ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். இருமுடிச்சோழன் என்பதோ சோழப் பெயர். சோழப் பெயரைப் பட்டமாகச் சுமந்தவரே சோழ இளவரசனைக் கொன்றவர்கள் பட்டியலில் இருக்கிறார். கல்கி இந்த இடத்தை எப்படிக் கையாண்டார் என்று விவாதிக்க ஆரம்பித்தால் கோலப்போட்டி நாளைக்குத்தான். விட்டுவிடுகிறேன்.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். எனக்குச் சொல்ல ஆசையான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பாடிகாவல் என்று ஒரு சொல். ஊர்க்காவல். பயிரை, மாட்டை, வழிப்போக்கரைத் திருடரிடமிருந்து காப்பது. அந்தக் காவலுக்கு ஊர் கொடுக்கும் வரிக்கும் பாடிகாவல் என்றே பெயர். காவலும் அவர்களே, கட்டணமும் அவர்களுக்கே. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் காவலர்களை நியமித்தபோது இப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு ஊர்ச்சபையும் ஆள் அனுப்பி, அந்த ஆளுக்கு வருஷாவருஷம் நெல்லும் அளக்க வேண்டும் என்று எழுதி வைத்தான். அந்தக் காவலருக்குத் திருமெய்காப்பு என்று பெயர். பின்னால் சோழ அரசு தளர்ந்தபோது, நம் வடபகுதிகளில் பாடிகாவல் உரிமை குறுநிலத் தலைவர்கள் கைக்குப் போனது. காடவர்கள் அப்படிக் காவல் உரிமை பெற்றுப் படிப்படியாக வளர்ந்தவர்கள். அந்தக் குடியில் வந்தவன்தான் கோப்பெருஞ்சிங்கன். 1231-ல் மூன்றாம் ராஜராஜ சோழனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். உளுந்தூர்ப்பேட்டை பக்கம் அந்தக் கோயிலை இன்றைக்கும் பார்க்கலாம். போசள அரசன் நரசிம்மன் படை அனுப்பிச் சோழனை மீட்க வேண்டியிருந்தது. காவல்காரக் குடும்பம் அரசனையே பூட்டி வைத்துவிட்டது. அதற்குப் பிறகு கோப்பெருஞ்சிங்கன் வைத்துக்கொண்ட பட்டம் என்ன தெரியுமா? சகலபுவனச் சக்கரவர்த்தி. எல்லா உலகங்களுக்கும் பேரரசன். கூடவே அவனியாளப் பிறந்தான். ஆண்டது கடலூர், விழுப்புரம், இந்தப் பக்கம் கொஞ்சம்.

அதற்கு அடுத்த நூற்றாண்டில் நம் மாவட்டத்துக்குள்ளேயே இன்னொருவர். ஆடி மாதம் ரேணுகாம்பாளைக் கும்பிடப் படவேடு போவோமே, அந்தப் படைவீட்டைத் தலைநகராக வைத்து ஆண்ட சம்புவராயர்கள். அவர்களுக்குச் சகலலோகச் சக்கரவர்த்தி என்று பட்டம். புவனம் போய் லோகம் வந்ததுதான் வித்தியாசம். அரசு எவ்வளவு சிறியதோ, பட்டம் அவ்வளவு நீளம் என்று வகுப்பில் சொல்வேன். முதலாம் ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில் எங்கு பார்த்தாலும் மூவேந்தவேளான். சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் அது குறைந்து, பல்லவரையன், காடவராயன், காலிங்கராயன் என்று அரையர்களும் ராயர்களும் பெருகிவிடுகிறார்கள். நொபுரு கராஷிமா என்ற ஜப்பானிய அறிஞரும் நம் எ. சுப்பராயலுவும் மட்சுயியும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978-ல் மூன்று தொகுதியாக வெளியிட்டார்கள். பட்டங்களை எண்ணிப் பார்த்தே ஒரு அரசு எப்போது இறுகியது, எப்போது தளர்ந்தது என்று சொல்ல முடியும் என்பதைக் காட்டிய வேலை அது.

சம்புவராயர் என்றதும் பெரியவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். 1989-ல் வட ஆற்காட்டிலிருந்து நம் மாவட்டம் பிரிந்தபோது பெயர் 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்'. பேருந்தில், பள்ளிச் சான்றிதழில் எல்லாம் அப்படித்தான் எழுதினோம். 1997-ல் தமிழ்நாடு முழுவதும் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்களை எடுத்தபோது இதுவும் போனது. எந்தப் பெயர் எந்தச் சாதிக்குச் சொந்தம் என்று அடிதடி வந்ததால் அரசு எடுத்த முடிவு. இங்கே அதற்காக யாரும் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. பேரேட்டுத் தலைப்பை அடித்து எழுதிய குமாஸ்தாக்களைத் தவிர.

பட்டங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். வேலைக்குக் கொடுத்த பட்டம், வேலை போன பிறகும் வீட்டிலேயே தங்கிவிட்டது. முதலி என்றால் முதன்மையானவர், நாயகன் என்றால் படைத்தலைவர், உடையார் என்றால் ஊரை உடையவர். ஒருவருடைய வாழ்நாளுக்குக் கிடைத்தது அவர் மகனுக்கும் பேரனுக்கும் பெயரின் வாலாகி, பிறகு பெண் கொடுக்க, எடுக்கக் கேட்கும் கேள்வியாகிவிட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் இந்த வால்களை வெட்டிவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். என் அப்பா பெயருக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது அவர் அதை எழுதவில்லை. அவர் எந்தக் கட்சியிலும் இல்லாதவர். ஏன் என்று நானும் கேட்டதில்லை. இன்று கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

குடியரசான பிறகு அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, ராணுவ, கல்வித் தகுதிகள் தவிர அரசு எந்தப் பட்டமும் வழங்கக் கூடாது என்றது. அப்படியானால் பத்மஸ்ரீ? அது விருது, பட்டம் அல்ல. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொல்லிவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் கவனிக்க.

நம் கோயிலுக்குள் போனாலே இந்தக் கதை முழுக்கக் கோபுரமாக நிற்கிறது. கிழக்கே ராஜகோபுரம், 217 அடி, பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை நாயக்க அரசை நிறுவிய செவ்வப்ப நாயக்கர் முடித்தது. இந்தச் செவ்வப்பர் விஜயநகர அரண்மனையில் அடைப்பம் ஏந்தியவர் என்று சொல்லப்படுகிறது. அடைப்பம் என்றால் வெற்றிலைப்பை. 'பை தூக்குறவனா?' என்று பிள்ளைகள் சிரித்தார்கள். யோசித்துப் பாருங்கள். அரசன் வாயில் போடும் வெற்றிலையில் என்ன கலந்திருக்கும் என்பது பை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். சேனாபதியைக்கூட மாற்றலாம், அடைப்பக்காரனை நம்பாமல் ஒருவேளைச் சாப்பாடு செரிக்காது.

வடக்கே இருப்பது அம்மணி அம்மன் கோபுரம். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த அந்த அம்மாள் ராணியும் இல்லை, நாயக்கர் வீட்டுப் பெண்ணும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிக் கட்டியது. நம் வீடுகளில் மாதச் சந்தாவுக்கு மூன்று முறை மணி அடித்தாலும் கதவு திறப்பதில்லை. அந்த அம்மாள் ஒரு கோபுரத்துக்கே வசூலித்திருக்கிறார். பொருளாளர் அவரைத்தான் குலதெய்வமாகக் கும்பிட வேண்டும்.

உள்ளே வல்லாள மகாராஜன் கோபுரம். மூன்றாம் வல்லாளன், போசள அரசன். 1311-ல் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தைத் தாக்கிய பிறகு பல இடம் மாறி, நம் ஊரைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டவன். மதுரைச் சுல்தானோடு நடந்த போரில், 1342 வாக்கில், எண்பது வயதில் கொல்லப்பட்டான். அவன் உடலுக்கு நேர்ந்ததை இபன் பதூதா எழுதியிருக்கிறார். பொங்கல் மேடையில் அதைச் சொல்ல மாட்டேன். பிள்ளை இல்லாத அரசனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது அருணாசல புராணக் கதை. இன்னும் சில நாளில் தைப்பூசம் வருகிறது. ஈசான்யக் குளத்தில் தீர்த்தவாரி முடிந்ததும் வல்லாளன் இறந்த செய்தி சாமிக்கு வந்து சேரும். போகும்போது மேளதாளத்தோடு போன சாமி, திரும்பும்போது சத்தமில்லாமல் வருவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு போய் அப்பாவுக்குத் திதி கொடுப்பார். சக்கரவர்த்திப் பட்டம் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்த ஊரில் ஆண்டுதோறும் எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆள் இல்லை. வல்லாளனுக்கு இருக்கிறது. புதிதாக நம் குடியிருப்புக்கு வந்தவர்கள் பௌர்ணமிக் கூட்டத்தையும் பார்க்கிங் தொல்லையையும் மட்டும் பார்த்திருப்பீர்கள். இந்த முறை ஈசான்யம் பக்கம் போய், மேளம் இல்லாமல் சாமி வருவதைப் பாருங்கள். வருகிறவர்களை நானே கூட்டிப்போகிறேன்.

கடைசியாக ஒன்று. இதை மாடியில் சொன்னபோதுதான் சண்டை முழுசாகத் தீர்ந்தது. தண்டராம்பட்டு வட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. செங்கம் சுற்றுவட்டாரத்தில் இப்படி நிறைய நடுகற்கள். 1970-களில் தொல்லியல் துறை தேடித் தேடிப் பதிவு செய்தது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு ஊர் நட்ட கல். எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு நாய். நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். மகேந்திரவர்மனுக்கு இருந்த பட்டங்களை எண்ண ஒரு நாள் போதாது. மத்தவிலாசன், விசித்திரசித்தன், குணபரன் என்று போய்க்கொண்டே இருக்கும். அவன் பெயரோடு அதே கல்லில் காவல் நின்ற ஒரு நாயின் பெயரும் ஆயிரத்து நானூறு வருஷமாக இருக்கிறது.

கேட்டு முடித்ததும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் பேரனே போய் சார்ட்டைக் கிழித்தான். புது சார்ட்டில் எழுதும் வேலை அந்தப் பிள்ளைக்கு. கையெழுத்து அவளுக்குத்தான் நன்றாக இருக்கிறது. எந்தப் பட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். ஓலைநாயகம் எடுத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "சார், பாடிகாவல்னா வரியும் வாங்கலாம்ல?" என்றாள்.

"வாங்கலாம்மா."

"அப்ப எனக்கு அது."

இப்போது மாடிப்படி உச்சியில் நிற்கிறாள். மேலே போகும் ஒவ்வொருவரும் ஒரு மிட்டாய் கொடுக்க வேண்டும். ட்யூக்குக்கும் விலக்கு இல்லை. துணி காயப்போட மாடிக்குப் போன என் மனைவியிடமும் வாங்கிவிட்டாள். என் பேரன் அடைப்பம். எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் தின்பண்டப் பையையும் அவன்தான் தூக்குகிறான். அதிலிருந்து முறுக்கு குறைவதாகப் புகார் இருக்கிறது, விசாரணை நடக்கிறது.

கேட்டில் படுத்திருக்கும் பழுப்பு நாய்க்குக் கோவிவன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் வருகிறது. நாய்க்கு வளாகத்துக்குள் சோறு வைக்கலாமா கூடாதா என்ற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது என்று செயலாளர் சொன்னார். அதில் எந்தப் பக்கம் என்று இப்போதே என்னைக் கேட்காதீர்கள். இருபது நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, கோலப்போட்டி நடுவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.